படலையிலிருந்து தொடங்குங்கள்: வன்னி வீட்டை டிஜிட்டல் ஓவியமாக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஒரு பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, "உங்கட வீட்டைக் கீறுங்கோ" என்று சொன்னால் அனேகமாக ஒரே படம்தான் வரும்: முக்கோணக் கூரை, பக்கத்தில் ஒற்றைப் பனை, பின்னால் பாதிச் சூரியன். வளர்ந்தவர்களும் அதையேதான் இன்னும் மெருகாகச் செய்கிறார்கள். பனை வன்னியில் இல்லாத மரமல்ல. பூநகரிப் பக்கம் போனால் பனங்கூடலுக்குக் குறைவில்லை. ஆனால் நெடுங்கேணியிலோ மல்லாவியிலோ வளர்ந்த ஒருவருக்கு வீடு என்றதும் முதலில் ஞாபகம் வருவது குளக்கட்டில் நிற்கும் மருதமரமாகவோ, யானை வந்துவிடும் என்று வளவின் மூலையில் விடியவிடிய எரியவிட்ட நெருப்பாகவோ இருக்கலாம். அது படத்தில் வராமல் போவதுதான் எனக்குக் கவலை.

டிஜிட்டல் ஓவியத்துக்குப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த வீட்டையும் ஊரையும் தன்னையும் வைத்து ஒரு சிறு படைப்பை, கையிலுள்ள போனைக் கொண்டே செய்து முடிக்கும் வழி இது. எல்லாம் ஒரே எண்ணத்தில் நிற்கிறது: வீடு எப்படித் தெரிந்தது என்பதைவிட, அந்த வீட்டில் ஒரு நாள் எப்படி நடந்தது என்பதை வரையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் எங்கே படுத்தார்கள், மாடு எந்த வழியால் பட்டிக்குத் திரும்பியது, மழைக்கு எந்த மூலை ஒழுகியது. இவை வந்துவிட்டால் அந்தப் படத்தை உங்களைத் தவிர வேறொருவர் கீறியிருக்க முடியாது.

எந்த வீடு?

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் வன்னியில் குறைவு. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. 1995இல் வலிகாமத்தை விட்டு வந்து இங்கேயே தங்கியவர்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் கழித்து முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக முள்ளியவளையிலும் குமுழமுனையிலும் வயல் செய்தவர்களுக்கும் வீடு ஒன்றாக இருக்கவில்லை. போரின் கடைசிக் காலமான 2008இலும் 2009இலும் ஊர் ஊராக நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது எல்லாரும் பழைய வளவுக்கே திரும்பவுமில்லை. கேப்பாப்பிலவு மக்களைச் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

ஆகவே வரைய முன்னம் ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் நீங்கள் படுத்தெழும்பிய இடங்களை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். முகாமும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையும் விடுதியும் அதில் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த இடத்தில் உங்கள் கை அடிக்கடி தொட்ட ஒரு பொருளை எழுதுங்கள்: படலையின் (வேலி வாசற்கதவின்) கொளுக்கி, கிணற்றுக் கயிறு, தறப்பாளின் ஓரம், தண்ணீருக்கு வரிசையில் வைத்த கான். எந்த இடத்துக்கு எதிரே யோசிக்காமல் சொல் வந்ததோ, அதை முதல் படைப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை காத்திருக்கும். எல்லா வீட்டையும் ஒரே படத்தில் அடைக்க முயல்வதால்தான் தொடக்கக்காரரின் வேலை பாதியில் நின்றுவிடுகிறது.

2009க்குப் பிறகு பிறந்தவர்களும் வெளிநாட்டில் வளர்பவர்களும் "நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லையே" என்று தயங்குவதுண்டு. கேட்டு வளர்ந்த வீடும் உங்கள் வீடுதான். ஆனால் அது கேட்டு அறிந்தது என்பது படத்தில் தெரியட்டும். சொன்னவரின் குரலை ஒலியாகச் சேர்க்கலாம். தெரியாத மூலையைத் தெரிந்ததுபோல நிரப்பாமல் வெறுமையாகவே விடலாம்.

கேட்டு எடுத்தல்

முழு வேலையிலும் பெரிய பகுதி இதுதான். செயலி பழகுவதைவிட இதற்குக் கூடுதலான நாட்களை ஒதுக்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொல்லி, அந்தக் கீறல்களை வைத்தே ஒரு பெரிய கலைப்படைப்பைச் செய்தார். அது 2011இல் வெளிவந்தது. ஓவியம் பழகாதவரும் தான் இருந்த வீட்டைக் கீறிவிடுவார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய், "பழைய வீடு எப்பிடி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவரைக் கற்பனையில் நடக்கவிடுங்கள்.

"அம்மம்மா, படலையைத் திறந்து உள்ளுக்க வாறியள். இடக்கைப் பக்கம் என்ன நிக்குது?"

"இடக்கைப் பக்கம் தேசிக்காய் மரம். அதுக்குக் கீழதான் உன்ர அம்மப்பா சைக்கிள் விடுறவர்."

"கிணறு எங்க?"

"கிணறு பின்னுக்கு. குசினியால இறங்கி பத்து எட்டு வைக்கோணும். மழைக்கு அந்தப் பாதை சதசதவெண்டு கிடக்கும்."

இவ்வளவு பேச்சிலேயே நிழலும் தூரமும் ஒரு மழைக்காலமும் வந்துவிட்டன. கேட்கும்போதே சதுரக் கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். ஓர் எட்டை ஏறத்தாழ இரண்டரை அடி என்று வைத்து, ஒரு சதுரத்துக்கு ஓர் எட்டு என்று கணக்குப் போட்டால் போதும். வடக்கு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். வயல் செய்த மனிதர்களிடம் திசை கேட்டால் தடுமாறமாட்டார்கள். வீட்டோடு நின்றுவிடாமல் வெளியேயும் நடக்கவிடுங்கள்: வாய்க்கால் எந்தப் பக்கத்தால் ஓடியது, அது எந்தக் குளத்துத் தண்ணீர், துருசு (குளத்து மதகு) எங்கே இருந்தது, குளம் வான் பாய்ந்தால் வெள்ளம் எதுவரைக்கும் வந்தது, காட்டுக்கு எந்த ஒழுங்கையால் போனீர்கள். வன்னி வீடு வளவு வேலியோடு முடிவதில்லை. இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ எங்கோ தூரத்தில் இருந்தாலும், அடுப்பில் உலை வைக்க அந்தத் தண்ணீர்தான் காரணமாக இருந்திருக்கும்.

ஒரே வீட்டைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அம்மா மாமரம் கிணற்றடியில் நின்றது என்பார், மாமா மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் என்பார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரையும்போது இரண்டு நிறத்தில் இரண்டு மரமும் நிற்கட்டும். என் கண்ணுக்கு, அப்படி இரண்டு மரம் நிற்கும் தரைப்படம் சுத்தமாகச் சரிசெய்யப்பட்டதைவிட உண்மையானது.

இன்னொன்று முக்கியம். வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு இழப்புக்குள் போகும். அதை நீங்கள் தூண்டவேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். ஒலிப்பதிவை நிறுத்தி, தேத்தண்ணி குடித்து, வேறு கதை பேசி, இன்னொரு நாள் வாருங்கள். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். எங்கே காட்டப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "வீட்டுக்காரருக்கு மட்டும்" என்று அவர் சொன்னால் அப்படியே.

ஒலிப்பதிவுக்குப் போனில் உள்ள சாதாரணப் பதிவுச் செயலி போதும். நெட்டும் அழைப்பும் வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில், மேசையில் படாமல் ஒரு துணியின் மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பேச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அது நிரப்பும்.

வளவுக்குப் போதல்

பழைய இடத்துக்குப் போக முடிந்தால் போங்கள். ஆனால் தனியாகப் பற்றைக்குள் இறங்காதீர்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் இழுபட்டது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை, நாடா கட்டிய எல்லை, ஆளரவமில்லாமல் காடுபற்றிய காணி, இவற்றில் எதைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். கிராம அலுவலரிடமும் பக்கத்தில் இருப்பவர்களிடமும் முதலே கேளுங்கள். அறியாத இரும்புத் துண்டை "பழைய பொருள்" என்று தொடவேண்டாம். படைமுகாமையும் காவலரணையும் படம் பிடிக்கவேண்டாம். ட்ரோனை அனுமதி பெறாமல் பறக்கவிடுவது சட்டத்துக்கு மாறானது. ஓர் ஓவியத்துக்காக யாரும் இந்த ஆபத்துகளுக்குள் போகக்கூடாது.

வளவில் நின்று முதலில் மண்ணைப் படம் எடுங்கள். வன்னி மண் ஒரே நிறமல்ல. உள்ளே செங்கபில மண், முல்லைத்தீவுக் கரையில் மணல், முருங்கன் பக்கம் கறுத்த களி. காலை எட்டு மணிக்கு முன்னர் எடுத்த படத்தில்தான் நிறம் ஒழுங்காக விழும். நண்பகல் வெயில் எல்லாவற்றையும் வெளுக்கப்பண்ணிவிடும். அதே இடத்தை வேறு பருவத்திலும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. மார்கழி தையில் காலபோகப் பயிர் பச்சையாக நின்று குளம் முட்டிக் கிடக்கும் ஊரும், ஆவணியில் குளம் வற்றி மாடுகள் நடுக்குளத்தில் மேயும் ஊரும் இரண்டு வேறு நிறப்பெட்டிகள்.

அதன் பிறகு சிறு பொருட்கள்: அம்மி, உரல், கத்தி தீட்டித் தேய்ந்த கல், கதியாலில் படர்ந்த கொடி, கிணற்றுக் கட்டில் யாரோ ஈரச் சீமெந்தில் எழுதிய ஆண்டு. ஒவ்வொன்றையும் நேரே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள். ஒலியும் எடுங்கள். மயில் அகவுவது, வாய்க்காலில் தண்ணீர் விழுவது, பின்னேரம் கோயில் ஒலிபெருக்கி தூரத்தில் கேட்பது, லான்ட்மாஸ்டர் உழவுயந்திரம் ஒழுங்கைக்குள் திரும்புவது.

போக முடியாதவர்களுக்கு: கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால், ஓர் இடத்தின் பழைய ஆண்டுப் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. எல்லா ஊருக்கும் எல்லா ஆண்டும் கிடைக்காது. கிடைத்த இடத்தில் கூரையையும் கிணற்றையும் ஒழுங்கையையும் அடையாளம் காணலாம். இதைத் தனியே பார்க்காமல், கதை சொன்னவரைப் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். அதற்கு முன்னமே, வீடு தரைமட்டமாக இருக்கும் படம் வரக்கூடும் என்பதை அவருக்குச் சொல்லிவையுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடங்களில் சின்னக் குளங்களின் பெயர்கள்கூட இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. உங்கள் ஊரின் பெயரை அதில் தேடிப்பாருங்கள். பழைய விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள், கடைப்பெயரும் எழுத்து வடிவமும் அங்கேதான் அகப்படும்.

கருவிகள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரைவதற்குப் போனில் ஐபிஸ் பெயின்ட், கணினி இருந்தால் கிரிட்டா. கிரிட்டாவும், கோட்டு வரைகலைக்கான இன்க்ஸ்கேப்பும், ஒலி வெட்டும் ஓடாசிட்டியும் இலவசம், கட்டற்ற மென்பொருட்கள். அசையும் படத்துக்கு பிளிப்பாகிளிப். விரலால் கீறலாம், விலை குறைந்த ரப்பர் முனைப் பேனாவாலும் கீறலாம். அழுத்தம் உணரும் பலகை முதல் படைப்புக்குத் தேவையில்லை.

கீறத் தொடங்குதல்

புதியவர்களுக்கு நான் சொல்வது தரைப்படத்திலிருந்து தொடங்கும் படைப்பு. ஒரு முகத்தை வரைய ஆண்டுக்கணக்கில் பழகவேண்டும். மேலிருந்து பார்த்த வளவை யாரும் வரையலாம்.

முதலில் கோப்பின் அளவு. பிறகு அச்சடிக்க நினைத்தால் தொடக்கத்திலேயே அதற்கேற்ப வையுங்கள்: ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 பிக்சல், ஏ3க்கு 3508க்கு 4961. இது அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கு. போன் திணறினால் ஏ4 போதும். சின்னதாகத் தொடங்கிப் பிறகு பெருப்பித்தால் கோடெல்லாம் மங்கிவிடும்.

சதுரக் கொப்பியில் குறித்த தரைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் நேரே மேலிருந்து படம் எடுத்து, செயலிக்குள் கொண்டுவாருங்கள். அதுதான் அடி லேயர். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒன்றில் அழித்தால் மற்றது போகாது. அடி லேயரின் தெளிவை 30 வீதத்துக்குக் குறைத்துவிட்டு, மேலே புதிய லேயரில் வேலி, படலை, சுவர், கிணறு ஆகியவற்றின் கோட்டைக் கீறுங்கள். கோடு நேராக இல்லையே என்று கவலைப்படவேண்டாம். மண்வீட்டுச் சுவரும் கிடுகுக் கூரையும் அடிமட்டம் வைத்துக் கட்டியவையல்ல.

நிறத்தைச் செயலியின் நிறவட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். எடுத்த மண்படத்தையும் சுவர்ப்படத்தையும் திறந்து, நிறம் உறிஞ்சும் கருவியால் ஐந்தாறு நிறங்களைத் தொட்டு எடுத்து, அவற்றை மட்டுமே பாவியுங்கள். உங்கள் வளவு மண்ணின் நிறத்திலேயே முற்றம் வரும்போது படத்தின் தன்மையே மாறிவிடும்.

இப்போது வீட்டின் நாளை அதன்மேல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு லேயர், ஒரு நிறக் கோடு. அம்மம்மா விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போன வழி, அங்கிருந்து மாட்டுக்கொட்டில், பிறகு அடுப்படி. அம்மப்பா வாய்க்காலுக்கும் வயலுக்கும் போய்வந்த வழி. பிள்ளைகள் படலையால் பள்ளிக்கூடம் போன வழி. கோடுகள் எங்கே திரண்டு தடிக்கின்றன என்று பாருங்கள். அந்த இடம்தான் அந்த வீட்டின் நடு. பல வீடுகளில் அது விறாந்தையாக இருக்காது, கிணற்றுக்கும் குசினிக்கும் இடைப்பட்ட அந்தச் சதசத பாதையாக இருக்கும். அவ்வளவு காலமும் யார் நடந்து அந்த வீட்டை நடத்தினார்கள் என்பதும் அப்போது தெரியவரும். பெண்களின் கோடு ஒரு சிறு வட்டத்துக்குள் நூறு தரம் சுற்றியிருப்பதை நான் வரைந்த தரைப்படங்களில் மறுபடி மறுபடி கண்டிருக்கிறேன்.

இதையே அசையவிட விரும்பினால், ஒரு செக்கனுக்கு 12 படம் என்று வைத்தால் ஐந்து செக்கனுக்கு 60 படம். ஒவ்வொன்றிலும் கோடு கொஞ்சம் வளர்ந்தால் போதும். பதிந்த குரலைக் கீழே ஓடவிட்டால், அம்மம்மா "பத்து எட்டு வைக்கோணும்" என்று சொல்லும்போது கோடு பத்து எட்டு நகரும்.

தரைப்படம் பிடிக்காதவர்களுக்கு வேறொரு வழி. மீள்குடியேற்றத்துக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டம் மொத்தம் 50,000 வீடுகளுக்கானது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை வடக்கு கிழக்கில். வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு வரிசையில் நிற்கும் அந்த வீடுகள் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். கிட்டப் போனால் ஒன்றில் தகரத்தால் முன்பத்தி இறக்கியிருக்கும், ஒன்றில் சுவருக்கு ஊதாப் பூசியிருக்கும், ஒன்றில் பழைய வீட்டுக் கதவை எங்கோ தேடி எடுத்துக்கொண்டுவந்து பூட்டியிருப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, முகப்பை நேரே நின்று படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் தட்டையாக வரைந்து வரிசையாக அடுக்குங்கள். பொதுவான சுவர் சாம்பல் நிறமாகவே இருக்கட்டும். அந்தக் குடும்பம் தானாகச் சேர்த்ததற்கு மட்டும் நிறம் கொடுங்கள்.

சொல்லைத் தட்டினால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அவை நிறையப் பார்த்த படங்களிலிருந்து புதுப்படம் செய்கின்றன. வன்னியின் வளவுகள் அந்தப் படங்களில் எத்தனை இருக்கப்போகின்றன? எங்கேயோ உள்ள ஒரு தென்னாட்டுக் கிராமம் அழகாக வரும், அதில் உங்கள் தேசிக்காய் மரம் இருக்காது.

எழுத்து

ஊர்ப்பெயர்களைப் படத்தில் சேருங்கள். ஒலுமடு, பனிக்கன்குளம், மூன்றுமுறிப்பு, தண்ணீரூற்று, சீனியாமோட்டை: எழுதினாலே நீரும் நிலமும் வந்துவிடும். ஆனால் எழுத்துரு விடயத்தில் கவனம். நம் பக்கத்து அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை நடக்கிறது. பாமினி ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு அல்ல. அதில் தட்டியதை வேறு எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், இணையத்தில் தேடினாலும் அகப்படாது. ஒருங்குறியில் தட்டுங்கள். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசம். சில வரைசெயலிகளில் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து தனியே நிற்கும். முதலில் "கொ", "கை", "பௌ" மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உடைந்தால் இன்க்ஸ்கேப்பில் எழுதிப் படமாக்கிக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றிலும் நல்லது, கதை சொன்னவரையே ஒரு வெள்ளைத் தாளில் ஊர்ப்பெயரை எழுதித் தரச் சொல்லி, அந்தக் கையெழுத்தைப் படமெடுத்துச் சேர்ப்பது. எழுதத் தெரியாதவர் என்றால் அவர் கீறிய கோலமோ பிள்ளையார் சுழியோ போதும்.

பழைய படங்களும் முகங்களும்

இடப்பெயர்வில் படங்கள் தொலைந்த குடும்பங்களே அதிகம். மிஞ்சிய ஒன்றிரண்டும் தண்ணீர் பட்டு, ஒட்டி, கிழிந்திருக்கும். அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிய்க்க முயலாதீர்கள். கண்ணாடியோடு வைத்தே, வெளிச்சம் தெறிக்காதபடி சற்றுச் சரித்துப் பிடித்து எடுங்கள். கிழிசலையும் கறையையும் திருத்தலாம். முகத்தைத் தொடாதீர்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இல்லாத கண்ணையும் இல்லாத சிரிப்பையும் தாமாகச் செய்து ஒட்டிவிடுகின்றன. பார்ப்பவருக்கு அது அழகான படம். அந்தத் தாய்க்கு அது தன் பிள்ளையல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் ஏந்தி நிற்பது இப்படியான படங்களைத்தான். அவற்றைக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் எந்தப் படைப்பிலும் சேர்க்கக்கூடாது. சம்மதித்த பிறகும், முடிந்த படைப்பைக் காட்டி மறுபடி கேட்கவேண்டும்.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் துல்லியமான குறிப்பும் ஒளிந்திருக்கும். கமராவின் அமைப்புகளில் இருப்பிடக் குறிப்பை நிறுத்திவிட்டே எடுக்கத் தொடங்குங்கள். தனியே இருக்கும் பெண்களின் வீடு, வழக்கிலுள்ள காணி என்றால் வாசல் இலக்கமும் ஒழுங்கைப் பெயரும் படத்தில் வராமல் பாருங்கள்.

காட்டுவதும் காப்பதும்

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, நுணுக்கம் போய்விடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். அச்சுக்கு பிஎன்ஜி வடிவம், இணையத்துக்கு ஜேபெக். லேயர்கள் உள்ள மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று போனில், ஒன்று பென் டிரைவில், ஒன்று இணையக் களஞ்சியத்தில். அந்தப் பென் டிரைவை வேறொரு வீட்டில் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. கோப்பின் பெயரிலேயே ஆண்டும் ஊரும் சொன்னவரின் உறவுமுறையும் இருக்கட்டும்: "2025 வட்டக்கச்சி அம்மம்மா கிணற்றடி" என்பதுபோல. "புதியபடம் 7" என்று வைத்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கே தெரியாது.

காட்டுவதற்கு மண்டபம் தேடி அலையவேண்டாம். பாடசாலைச் சுவர், பொது நூலகம், சனசமூக நிலையம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊரே திரளும்போது ஒரு சிறு தட்டி, எதுவும் போதும். பிளெக்ஸில் அச்சடித்தால் மலிவு, ஆனால் பளபளப்பில் மென்மையான மண் நிறங்கள் செத்துவிடும். மினுக்கமில்லாத தடித்த தாளில் ஏ3 அளவில் அடியுங்கள். முதலில் ஒரேயொரு பிரதி அடித்துப் பாருங்கள், அச்சில் பெரும்பாலும் திரையைவிட இருண்டே வரும். ஒலி சேர்த்திருந்தால் கியூஆர் குறியீடு ஒன்றைக் கீழே போட்டால் போனில் கேட்பார்கள். அதோடு ஒரு பழைய போனையும் காதொலிப்பானோடு அங்கேயே வைத்துவிடுங்கள். வயதானவர்கள் குறியீட்டைத் தேடமாட்டார்கள், குரலைத்தான் கேட்க வருவார்கள்.

வெளியே காட்ட முன்னம், அந்த முதல் பிரதியைக் கதை சொன்னவரிடம் கொண்டுபோங்கள். அவர் உடனே பிழை பிடிப்பார்: "கிணறு இவ்வளவு கிட்ட இல்லை", "இந்த இடத்தில ஒரு முருங்கை நிண்டது, அதை விட்டிட்டாய்". அந்த முருங்கையைப் புதிய லேயரில் கீறி, கோப்பை இரண்டாம் பதிப்பு என்று தனியாகச் சேமித்துவிட்டு, அதன் பிறகு மற்றப் பிரதிகளை அச்சுக்குக் கொடுங்கள்.